அம்மா உட்கார்ந்து பார்த்த மலை

தேயிலைக் கொழுந்துக் கூடைகளைக் கவிழ்த்து நான் செய்த விளக்குகளை அண்ணாந்து பார்த்த அம்மா, "முப்பது வருசமா தலையில தொங்குனது பத்தாதா? இங்கயும் தலைக்கு மேலயா?" என்று கேட்டார். பெரகலைக்கு மேலே ஒரு பழைய துரை பங்களா ஹோட்டலாகத் திறக்கப்பட்ட நாள் அது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். உள்ளலங்காரம் செய்தவர்கள் இருவர்: நானும், நான் அக்கா என்று கூப்பிட்ட, பதுளை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த யாழ்ப்பாண டாக்டரின் மகளும்.

ஹோட்டலில் தோட்டத்து வாழ்க்கை தெரியவேண்டும் என்று வேலையின் தொடக்கத்தில் முதலாளி சொன்னபோது எனக்குள் சிரித்துக்கொண்டேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். அக்கா ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஹாலிஎலவில் எங்கள் வீட்டுக்கே வந்து, அடுப்படியில் அம்மாவோடு பகல் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் கொண்டுவந்த வரைபடத்தில் அலங்காரமே இல்லை. கூடத்துச் சுவரை முழங்கால் உயரத்துக்கு மேலே ஜன்னலாகத் திறந்து, அதன் ஓரம் நீளமாக ஒரு கல் இருக்கை. அவ்வளவுதான். பார்த்ததும் வயிறு எரிந்தது. நன்றாக இருந்ததால்தான் எரிந்தது.

அக்கா இல்லாத நேரம் பார்த்து முதலாளியிடம் போனேன். "அந்த ஜன்னலால பனி உள்ள வருங்க, மெத்தையெல்லாம் ஈரமாகிடும்" என்றேன். பாதி பொய். அக்கா இரண்டு வாரம் வாதாடித்தான் அதைக் கட்டவைத்தார். மூட்டிவிட்டது யார் என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

திறப்பு நாளில் வந்தவர்கள் என் விளக்குகளைப் படம் எடுத்தார்கள். பிறகு அந்த இருக்கையில் போய் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. அம்மாவும் அங்கேதான் இருந்தார். இது யாருடைய யோசனை என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"என்ர இல்லை" என்று அக்கா அம்மாவின் தோளைத் தொட்டார். "இந்த அம்மாதான் சொன்னவ, முப்பது வருசம் மலையில நிண்டும் ஒருநாள்கூடக் குந்தியிருந்து அதைப் பார்க்கேல்லையெண்டு."

தன்னுடையது என்று அவர் சொல்லியிருந்தால், வெறுப்பதற்காவது எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்: "அவங்ககிட்ட சொன்னத என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அந்தப் புள்ள கேட்டுச்சி" என்றார் அம்மா.

பிறகு எத்தனையோ ஹோட்டல்களுக்கு வேலை செய்துவிட்டேன். அக்கா வெளிநாடு போய்விட்டார். அம்மா இப்போது இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பகலுக்காக அக்காமேல் எனக்கு இன்னும் பொறாமை. அன்று நானும் வீட்டில்தான் இருந்தேன். பக்கத்து அறையில் வரைந்துகொண்டிருந்த எனக்கும் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, சற்று நேரம் நின்றார். நான் நிமிரவில்லை.