அசையாம உட்காரு

நம்பினால் நம்புங்கள், இது அப்படியே நடந்தது. இருட்டில் அல்ல. போன ஜூன் மாதம், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துத் தென்பகுதியில், மண்டையைப் பிளக்கும் பட்டப்பகலில் லொரீனுக்கு நடந்தது.

மெரிலுக்கு அவள் இரண்டாம் மனைவி. முதல் மனைவி ட்வைலா எவனோடோ நெவாடாவுக்கு ஓடிப்போய்விட்டாள் என்று சொல்லியிருந்தான். சொல்லும்போதெல்லாம் அவன் கண் கலங்கும். அந்தக் கலங்கிய கண்ணைப் பார்த்துத்தான் லொரீனுக்கு அவன்மேல் ஆசையே வந்தது.

அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் நிறைந்த அன்று, பள்ளத்தாக்கின் விளிம்பைக் காட்டுகிறேன் என்று அவளைக் கூட்டிப்போனான்.

"போனை ஜீப்பிலேயே வச்சிடு. அங்க சிக்னலே கிடையாது. இன்னைக்கு நீயும் நானும் மட்டும்தான்."

வைத்தாள்.

ஏற்றம் உயிரை எடுத்தது. முதலில் கணுக்கால் புதையும் மணல். பிறகு வெறும் சிவப்புப் பாறை. பாறையில் காலடி பதியாது. அதனால் வழி தெரிய, நடப்பவர்கள் அங்கங்கே சின்னக் கற்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மெரில் அவற்றை ஒவ்வொன்றாக உதைத்துத் தள்ளிக்கொண்டே வந்தான்.

"என்ன பண்ற நீ? திரும்பிப் போக வழி தெரிய வேண்டாமா?"

"எனக்குத் தெரியாத வழியா? பயந்தாங்கொள்ளி!"

சின்னப்பிள்ளை மாதிரி பண்ணுகிறானே என்று சிரித்துக்கொண்டாள்.

விளிம்பில் நின்றபோது பட்ட பாடெல்லாம் மறந்துபோனது. கீழே எங்கோ ஆழத்தில், பச்சை நூல் மாதிரி ஆறு. சாண்ட்விச்சைச் சாப்பிட்டார்கள். தண்ணீர் தீர்ந்தது. மெரில் பையைத் துழாவிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னொரு பாட்டில் ஜீப்பிலேயே இருக்கு. நான் ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன். நீ இந்தப் பாறை நிழல்ல அசையாம உட்காரு. நகர்ந்தா ஒருத்தரை ஒருத்தர் தொலைச்சிடுவோம்."

நெற்றியில் முத்தம் கொடுத்தான். போனான்.

நிழல் சுருங்கியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அண்டங்காக்கை ஒன்று மேலே பறந்தது... விஷ்க்... விஷ்க்... இறக்கைச் சத்தம்கூடக் காதில் விழுந்தது. அப்படியொரு அமைதி.

"பாட்டில் ஜீப்ல இருக்குன்னானா?"

திடுக்கிட்டுத் திரும்பினாள்.

பாறையின் உள்ளடங்கிய பக்கத்தில் ஒரு பெண். நீலச் சட்டை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடெல்லாம் வெடிப்பு.

"நீங்க... எப்ப வந்தீங்க?"



பல்லி ஒன்று அவள் பாதத்தில் ஏறி, கைமேல் ஊர்ந்து இறங்கியது. அவள் இமைக்கவில்லை.

பாறையடியில் காற்று குவித்திருந்த மணலில் லொரீனின் காலடி இருந்தது. மெரிலின் காலடி இருந்தது.

வேறு காலடி இல்லை...

"நெத்தியில முத்தம் கொடுத்தானா?"

லொரீன் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அசையாம உட்காருன்னானா?"

"...ம்."

"நான் அசையல."

டொக்...

வெளியே எங்கோ ஒரு கல் விழுந்தது. லொரீன் அந்தப் பக்கம் பார்த்தாள். திரும்பினாள்.

யாரும் இல்லை.

ஓடினாள்.

மெரில் உதைத்துத் தள்ளிய கற்கள்...

அடுக்கியிருந்தன.

ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொரு திருப்பத்திலும்.

அழுதுகொண்டே இறங்கினாள். பயம் பாதிதான். அவன் முத்தம் கொடுத்த இடத்தைச் சட்டைக் கையால் தேய்த்தாள். தோல் எரியும்வரை தேய்த்தாள்.

அடிவாரத்தில் ஜீப் இல்லை.

அந்த வழியாகக் குதிரை ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு லாரியில் வந்த வயதான தம்பதி அவளை ஏற்றிக்கொண்டார்கள். போலீஸ் நிலையத்தில்தான் விஷயம் தெரிந்தது. மனைவியைக் காணோம் என்று மெரில் மத்தியானமே வந்து கதறியிருக்கிறான். அவன் காட்டியதோ வேறு பள்ளத்தாக்கு, ஒரு மணிநேரப் பயணம் தள்ளி. ஹெலிகாப்டர் அங்கே அவளைத் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தது.

லொரீன் சொன்ன பாறையடியை மறுநாள் தோண்டினார்கள். காற்று கொண்டுவந்து குவித்த மணலுக்கு அடியில், நீலச் சட்டையோடு, உட்கார்ந்தபடியே இருந்தாள் ட்வைலா.

வெயில், தாகம், மயக்கம் என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம். லொரீனும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தாள். ஆனால் முந்தின நாள் மெரிலின் வீட்டுக்குச் சேதி சொல்லப்போன போலீஸ்காரர் பிற்பாடு அவளிடம் ஒன்றைச் சொன்னார்.

"உங்க மனைவி மலையிலேர்ந்து இறங்கி வந்துட்டாங்க" என்று அவர் சொன்னதும், அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டதாம். வாசல் கதவையே பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டானாம்:

"எந்த மனைவி?"