உழாத மேட்டு நிலம்

கணவன் இறந்த அதே மாதம் கொழுந்தன் நிலத்தைப் பிரித்தான். வாய்க்கால் ஓரத்துப் பள்ளம் அவனுக்கு. மண்வெட்டி பட்டால் டங்கென்று சத்தம் கேட்கும் மேடு அண்ணிக்கு. இரண்டுக்கும் பத்திரம் அவன் பேரில். "நமக்குள்ள எதுக்கு அண்ணி காகிதம்?" என்றான். ஏமாற்றுகிறவன் பாசமாகத்தான் பேசுவான்.

அவள் உழவில்லை, எரிக்கவில்லை. கதிர் அறுத்தபின் மிஞ்சிய சோளத்தட்டையை மண்மேல் பரப்பி, இடையில் குச்சியால் துளை போட்டு விதைத்தாள். கோடையிலும் மண் வெறுமையாய்க் கிடக்காதபடி கொள்ளு போட்டாள். ஊர் அவளுக்குக் 'குப்பைக்காரி' என்று பேர் வைத்தது.

"என்ன அண்ணி, வீட்டைப் பெருக்கி வயல்ல கொட்டுறீங்களா?" கொழுந்தன் வரப்பில் நின்று சிரித்தான்.

"ஆமா தம்பி. உங்க வாயில வர்றதையும் அனுப்புங்க, உரமாகும்."

ஏழு வருடம் போனது. மழை இப்போது பருவம் பார்ப்பதில்லை. ஒரு மாத மழை ஒரே மத்தியானத்தில் கொட்டிவிட்டு, இரண்டு மாதம் தலைகாட்டாது. அந்த வருடம் மற்றவர்களின் மேல்மண் சாலைக்கு ஓடியது. மிஞ்சிய பயிர் காய்ந்தது. வாய்க்கால் வற்றிக் கிடந்தது. மேட்டில் மட்டும் சோளம் பச்சையாய் நின்றது. அதுவரை ராசி கெட்டவள் என்று முகம் திருப்பிய ஊர் 'கைராசிக்காரி' என்றது. மண்புழுவும் வேரும் செய்த வேலையில் ராசி எங்கிருந்து வந்தது?

அறுவடை முடிந்ததும் கொழுந்தன் வந்தான். "மாத்திக்கலாம் அண்ணி. பள்ளத்த நீங்க வச்சுக்கோங்க." கேட்கவில்லை, சொன்னான். மறுநாளே மேட்டில் டிராக்டர் இறங்கியது. தட்டையைக் கூட்டிக் கொளுத்தினான். மூன்று தடவை ஆழ உழுதான். அடுத்த பெருமழையில் மேடு சேறாகி அவன் வீட்டு வாசலுக்கே வந்தது.

பள்ளத்தில் தட்டை பரப்பிக்கொண்டிருந்தவளிடம் ஓடிவந்தான்.

"ஏதோ மருந்து போட்டிருக்கீங்க. என்னன்னு சொல்லுங்க."

"சொல்றேன். முதல்ல இந்தப் பள்ளத்த என் பேர்ல எழுதிக் குடுங்க."

"குடும்பத்துக்குள்ள போய்..."

"குடும்பத்துக்குள்ளதான திருட்டே நடந்துச்சு."

வற்றிய வாய்க்கால் ஓரத்துப் பள்ளம் போனால் என்ன, மருந்து கிடைத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தான். பத்திர ஆபீஸ் படியிலேயே மறித்தான்.

"இப்ப சொல்லுங்க."

"உழாதீங்க. கொளுத்தாதீங்க. ஏழு வருஷம் ஆகும்."

"இவ்வளவுதானா?"

"தினமும் உங்க கண்ணு முன்னாடிதான் தம்பி செஞ்சேன். நின்னு பார்த்தீங்க, சிரிச்சீங்க, போனீங்க."

பத்திரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் பள்ளத்துக்கு நடந்தாள். தட்டை இன்னும் பாதி பரப்ப வேண்டியிருந்தது.