கதவோரத்துக் கறுப்பு

அம்மா தோட்டத்துக் கதவுக்கு முதுகு காட்டி நின்று மகள் பார்த்ததே இல்லை. பாத்தி கொத்தும்போதுகூடக் கதவைப் பார்த்தபடி பக்கவாட்டில்தான் நகர்வாள். கூட வேலை செய்தவர்கள் 'நண்டக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

காரணம், மகளின் அப்பா. விறகுக்கடையில் கோடாலி பிடித்த கை அது. வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. அம்மா மகளை இழுத்துக்கொண்டு வெளியேறிய அன்று, எங்கே போனாலும் தேடி வந்து வெட்டுவேன் என்றிருந்தான்.

தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஓவியர். கண்ணை இடுக்கி, பூ, இலை, ஆள் எல்லாவற்றையும் வெறும் நிறத் திட்டுகளாகப் பார்த்து அப்படியே அப்புவார். அம்மா கொத்துவதை வரைய ஆசைப்பட்டார். முகத்தில் காலை வெயில் விழ வேண்டுமென்றால் அவள் கதவுக்கு முதுகைத் திருப்ப வேண்டும். மாட்டேன் என்றாள்.

"கதவை நான் பாத்துக்கறேன். நீ பயப்படாம கொத்தும்மா."

நம்பித் திரும்பினாள்.

குழாயடியில் இருந்த மகள் அலறல் கேட்டு ஓடி வந்தாள். முதல் வெட்டில் அம்மாவின் காது போய், கோடாலி தோளில் இறங்கியிருந்தது. அடுத்த வெட்டை அம்மா களைக்கொத்தின் காம்பில் வாங்கினாள்; காம்பு முறிந்தது. கையில் மிஞ்சிய இரும்பால் அவன் முழங்காலைப் பிளந்தாள். விழுந்தவனை விடவில்லை. மகள் கட்டிப்பிடித்து இழுத்த பிறகுதான் கை நின்றது. பூவெல்லாம் ரத்தம். அவன் சிறைக்குள் போனதே நொண்டிக்கொண்டுதான்.

ஆஸ்பத்திரியில் ஓவியர் தலைகுனிந்து நின்றார். "கதவுகிட்ட கறுப்பா ஏதோ அசைஞ்சுது. நிழல்னு நெனச்சுப் படத்துல வெச்சுட்டேம்மா."

"அந்த நிழலுக்குத்தானே ஐயா அத்தனை வருஷம் சட்டை துவைச்சுப் போட்டேன்."

படத்தில் அவள் முகம் மட்டும் வரையாமல் நின்றுபோயிருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டார். "இன்னொரு நாள் வந்து நிக்கறேன்," என்றாள். அதே தோட்டத்தில் சாகும்வரை கொத்தினாள், கதவைப் பார்த்தபடியே. அவன் சிறையிலேயே செத்த சேதி வந்த பிறகும் திரும்பவில்லை. வாக்குக் கொடுத்தாயே என்று மகள் கேட்டால், நாளைக்கு என்பாள்.

படம் ஓவியரின் கூடத்தில் தொங்குகிறது. ஓங்கிய களைக்கொத்து, கலங்கிய பூக்கள், கதவோரம் விரலகலக் கறுப்பு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி. பட்டம் வாங்கிய கையோடு மகள் அதன் முன்னால் போய், அம்மாவுக்குப் பதிலாக நான் நிற்கட்டுமா என்று கேட்டாள்.

"அது அவ குடுக்க வேண்டியதும்மா," என்றார் ஓவியர்.