மணலிக் காற்று என்று நினைத்த புகை

இன்று திருவொற்றியூர் விம்கோ நகரில், எங்கள் வீட்டு வாசலிலேயே அப்பாவின் டாக்ஸிக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் மாற்றினேன்.

உப்புக்காற்றில் துருப்பிடித்த நட்டுகளோடு மல்லுக்கட்டிக் கழற்றினால், இன்ஜினுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே அடைப்பாக இருக்கும் பழைய கேஸ்கெட் பாதி கருகியிருந்தது. அந்த இடைவெளியில் கசிந்த இன்ஜின் புகைதான் வண்டிக்குள் வந்திருக்கிறது. இரண்டு மாதமாக அவருக்குத் தலைவலி.

"உள்ள நாத்தம் வர்லியா நைனா?"

"வந்துச்சி. மணலி ஃபேக்டரி காத்துன்னு நென்ச்சி கண்ணாடிய ஏத்திகினு ஓட்னேன்."

"அதான் மொத்தமும் உள்ளயே நின்னுக்கீது!"

"எனக்கு இன்னா தெரியும்? ரெண்டும் ஒரே கலீஜ்தானே!"

திட்ட வாயெடுத்தவன், வண்டிக் கண்ணாடிகளை இறக்கிவிட்டேன். விஷப்புகைக்கும் ஊர்க்காற்றுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு இந்த ஊரை நாறவைத்திருக்கிறார்கள்.

தன் மூக்கை இன்னும் நம்புகிறவர் திருவொற்றியூரில் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.