பாட்டில்லா நேரத்தின் பழனியம்மாள்

பழனியம்மாள் இறந்த செய்தியை ஞாயிற்றுக்கிழமை இருட்டும் நேரத்தில் அவருடைய அண்ணன் சின்னசாமி எனக்குத் தொலைபேசியில் சொன்னார். "சார், பழனி போயிட்டாளுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். செய்தி அப்போதுதான் கிடைத்தது என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். அது சரியில்லை. அன்று பிற்பகலே அது வானொலியில் வந்துவிட்டது. நான் கேட்டேன். இதைப் படிக்கிற உங்களில் பலரும் கேட்டீர்கள். அது செய்தி என்று நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கொல்லிமலையில் எங்களுக்கென்று ஒரு சிறிய சமூக வானொலி இருக்கிறது. சமவெளியில் உள்ள ஓர் அறக்கட்டளை அதை நடத்துகிறது. இரண்டு அறை, ஒரு கோபுரம், மழை வந்தால் போய்விடுகிற மின்சாரம். மிளகு விலை, மரவள்ளி நோய், தடுப்பூசி முகாம், கும்மிப் பாட்டு என்று போகிற நிகழ்ச்சிகளுக்கு நடுவில், ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குப் பழனியம்மாள் ஒரு மணி நேர நிகழ்ச்சி நடத்தினார். அதன் பெயர் 'பாட்டில்லா நேரம்'. கணினியிலும் மின்கருவிகளிலும் பிறந்த இசை, இசை என்றே பலர் ஒப்புக்கொள்ளாத ஓசைகள், இவை மட்டும்தான் அதில் வரும். எங்கோ ஜெர்மனியிலோ ஜப்பானிலோ யாரோ தனியறையில் உட்கார்ந்து செய்த ஒலியை, சாமைக் காட்டிலிருந்து வந்து கைகால் கழுவிய மனிதர்கள் கேட்டார்கள். பெரும்பாலோர் திட்டிக்கொண்டே கேட்டார்கள்.

சில ஊர்கள் சேர்ந்த பகுதியை இந்த மலையில் நாடு என்பார்கள்; அவர் குண்டனி நாட்டில் பிறந்தவர். பத்தாம் வகுப்பு முடித்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய், இளமை முழுவதும் துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் இயந்திரத்தின் முன்னால் கழித்தார். விடுதியில் ஒருநாள் உடன் தங்கியிருந்த பெண் செல்போனில் எதையோ தேடப்போய், வெளிநாட்டு மின்னிசை ஒன்று ஓடியிருக்கிறது. மற்றவர்கள் நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். இவர் மட்டும் போனை வாங்கிக் காதில் வைத்துக் கடைசி வரை கேட்டார். "எங்க கம்பெனியில மிஷின் லைனு ஓடுற சத்தமுங்க சார் அது. பகலெல்லாம் அதுக்குள்ளதான் கெடந்தேன். யாரோ ஒருத்தரு அதைப் போயி உக்காந்து கேட்டிருக்கறாரு பாருங்க" என்று என்னிடம் சொன்னார். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு நிலத்தைப் பார்க்க மலைக்குத் திரும்பினார். வானொலியில் தன்னார்வலராகச் சேர்ந்தார். அங்கிருந்த பழைய கணினியில் ஒலியை வெட்டவும் ஒட்டவும் தானாகவே கற்றார். அதிர்வெண் என்றால் என்ன, ஒரே ஓசையை மெதுவாக ஓட்டினால் ஏன் கனமாகக் கேட்கிறது என்று அவருக்கு விளக்கியவன் நான். இங்குள்ள அரசுப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியர். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்களில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அதனால் நானே சொல்லிவைக்கிறேன்.

முதல் ஒலிபரப்பு முடிந்ததும் வானொலி நிலையத்துக்குப் புகார்கள் வந்தன. ரேடியோ இரைகிறது, கோபுரத்தில் இடி விழுந்துவிட்டதா என்று கேட்டார்கள். மறுநாள் ஒரு பெரியவர் தன் வானொலிப் பெட்டியை ஒயர் கூடையில் வைத்துப் பேருந்தில் எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். ரிப்பேர் பார்த்துத் தரவேண்டுமாம். பழனியம்மாள் அவரை உட்காரவைத்து, முந்தைய நாள் ஒலிபரப்பானதையே கணினியில் மறுபடி ஓடவிட்டார். "உங்க ரேடியோ நல்லாத்தானுங்க இருக்குது அப்புச்சி. நான்தான் இப்படி" என்றார். பெரியவர் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப ஆஸ்பத்திரிக்கு உன்னையத்தான் கூட்டிட்டுப் போகோணும் கண்ணு." அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைக்க முடியவில்லை.

நிகழ்ச்சிக்கு மிஸ்டு கால் கொடுக்கும் வழக்கம் அந்தப் பெரியவரிலிருந்துதான் தொடங்கியது. நிகழ்ச்சி பிடித்திருந்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்றார் பழனியம்மாள். கூப்பிட்டு என்னத்தைச் சொல்வது, அந்தச் சத்தத்துக்கு எங்களிடம் வார்த்தை ஏது என்றார் அவர். "சரிங்க, பேச வேண்டாம். ரெண்டு மணி அடிச்சுட்டு வெச்சிருங்க. கேட்டீங்கன்னு தெரிஞ்சுக்கறேன்" என்று முடிவானது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான்கு மணிவாக்கில் நிலையத்தின் போன் இரண்டிரண்டு மணியாக அடித்து அடித்து ஓயும். மலையின் நாடுகளிலிருந்து வரும். கீழே சேந்தமங்கலத்திலிருந்தும் புளியஞ்சோலைப் பக்கமிருந்தும்கூட வரும். பழனியம்மாள் ஒன்றையும் எடுக்கமாட்டார். பார்த்துக்கொண்டே இருப்பார். உலகத்தில் எந்த இசைக்கும் இப்படியொரு கைதட்டல் கிடைத்திருக்காது.

என் மிஸ்டு கால் மட்டும் அதில் இருந்ததில்லை. காரணத்தை மறைக்க விரும்பவில்லை. அந்த ஞாயிறு மூன்று மணி முதலில் என்னுடையது. அறிவியல் நிகழ்ச்சி ஒன்றை அந்த நேரத்தில் உழைத்து நடத்திவந்தேன். கேட்பவர் இல்லை என்று சொல்லி, நிலையத்தின் மேலாளர் ஒருநாள் அதை நிறுத்தினார். நேரத்தைப் பழனியம்மாளுக்குக் கொடுத்தார். என் ஆய்வுப் பட்டத்தை முடிக்கவிடாத பேராசிரியரும், தண்டனையாக என்னை இந்த மலைக்கு மாற்றிய அதிகாரியும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலாளரும் கேட்கவில்லை. ஆனால் பழனியம்மாள் மறுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். முகத்துக்கு நேராகவே சொன்னேன். "நான் வேண்டாமுன்னா பக்திப் பாட்டுப் போட்டிருப்பாங்க சார். உங்களுக்கும் இல்லாம எனக்கும் இல்லாமப் போயிருக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு ஆறவில்லை. நிலையத்துப் பக்கம் போவதை நிறுத்தினேன்.

ஆனால் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் கேட்டேன். குறை கண்டுபிடிப்பதற்காகக் கேட்கத் தொடங்கி, பிறகு எதற்கென்று தெரியாமல் கேட்டேன். கிரைண்டர் ஓடும் ஓசையை நீட்டி ஒரு வாரம், மிளகு காயவைத்த தார்ப்பாயில் மழை விழுவதை நறுக்கி ஒரு வாரம். நடுநடுவே வெளிநாட்டார் செய்தவை. இந்த மலையில் இத்தனை ஆண்டுகளில் என்னை ஏதாவது ஒன்று மதித்து நடத்தியது என்றால் அந்த ஒரு மணி நேரம்தான். ஒருநாள் பேருந்து நிலையத்தில் பழனியம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "கேக்கறீங்கல்லங்க சார்?" இல்லை என்றேன். "எங்க அண்ணன் ஜீப்புல போறப்ப உங்க ஊட்டுச் சன்னல்ல கேட்டுச்சாமா." நான் பேருந்து வருகிறதா என்று பார்த்தேன். "கோவத்தோடயே கேளுங்க சார், ஒண்ணும் தப்பில்லை. ரெண்டே ரெண்டு மணி மட்டும் அடிச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அடிக்கவில்லை.

ஒலிபரப்பு அறையின் கதவைப் பற்றியும் சொல்லவேண்டும். நிகழ்ச்சி ஓடும்போது கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் யாரும் திறக்கக்கூடாது. எல்லா வானொலியிலும் உள்ள வழக்கம்தான். பழனியம்மாளிடம் அது இன்னும் கடுமை. ஒருமுறை ஒலி நல்ல இடத்தில் இருக்கிறது என்று நான்கு மணியைத் தாண்டியும் நிறுத்தாமல் ஓடவிட்டார். அடுத்து விவசாய நிகழ்ச்சி நடத்தவேண்டிய சரோஜா பொறுமையிழந்து கதவைத் தட்டிவிட்டார். அந்தத் தட்டல் ஒலிபரப்பில் கேட்டது. இருவருக்கும் சண்டை. மேலாளர், இனி ஒரு நிமிடம் கூடினாலும் நிகழ்ச்சியே இருக்காது என்றார். பழனியம்மாள் சரோஜாவோடு வெகுநாள் பேசவில்லை. சரோஜாவும் அதற்குப் பிறகு அந்தக் கதவைத் தட்டுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தார்.

இனி அந்த ஞாயிறு.

மூன்று மணிக்கு அவருடைய குரல் வந்தது. "எல்லாருக்கும் வணக்கமுங்க. இன்னைக்கு நான் வேலை பார்த்த கம்பெனிச் சத்தம். கூட வேலை பார்த்த புள்ள ஒருத்தி போன்ல புடிச்சு அனுப்பியிருக்கறா. மெதுவா ஓட விட்டிருக்கறேன். அவசரப்படாமக் கேளுங்க." அவர் பேசி நாம் கேட்ட கடைசிச் சொற்கள் இவை. பிறகு ஓவர்லாக் இயந்திரத்தின் ஓசை, பெரிய விலங்கு ஒன்று தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல் வந்தது. வழக்கமாக ஒரு துண்டு ஒலியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போவார். அன்றும் சிறிது நேரம் மாறியது. பிறகு மாறவில்லை. அதே துண்டு, அதே மூச்சு. இடையில் நாற்காலி நகர்வதுபோல் ஏதோ கேட்டதாக ஞாபகம். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடைசியில் பயமில்லாமல் ஒன்று செய்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் கேட்டதிலேயே சிறந்த நிகழ்ச்சி அது என்று, அந்த நேரத்தில், மனதாரப் பாராட்டினேன்.

அப்புறம் அந்த ஓசைக்குள்ளே தூரத்தில் ஒரு போன் மணி அடித்தது. இரண்டு முறை அடித்து நின்றது. கொஞ்சம் விட்டு மறுபடி இரண்டு. பேசி முடித்ததும் அவர் ஒலிவாங்கியை அணைக்கவில்லை என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். மேசை மேல் இருந்த போனுக்கு வந்த மிஸ்டு கால்கள் அப்படியே ஒலிபரப்பாயின. அன்று நமக்கு அது தெரியாது. நம்முடைய மணிகளைக் கோத்தே இசை செய்கிறார் என்று எடுத்துக்கொண்டோம். வேறு எந்த ஊர்க்காரர்களும் இப்படி நினைத்திருக்கமாட்டார்கள். நம்மை அவர் அப்படிப் பழக்கியிருந்தார். தன் மணியை ரேடியோவில் கேட்கும் ஆசையில் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மணி ஓயவே இல்லை. நானும் போனை எடுத்தேன். என் கையில் ஒரு மணி அடித்தது, ரேடியோவுக்குள் ஒரு மணி அடித்தது. மறுபடியும் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. வைத்துவிட்டேன். பழனியம்மாளிடம் பேசிவிட்டதுபோல் இருந்தது.

நான்கு மணி தாண்டியது. சரோஜா சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். "போன தடவை தட்டுனதுக்கே அத்தனை நாள் பேசலீங்க சார். இவ என்னமோ பண்ணட்டும், மேனேஜர்கிட்ட இவளே வாங்கிக் கட்டிக்கட்டும்னு இருந்துட்டனுங்க" என்று பிறகு என்னிடம் அழுதார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. வழக்கம்போலத் தங்கையை ஜீப்பில் கூட்டிப்போக வந்த சின்னசாமிதான் கதவைத் திறந்தவர். அந்த இயந்திர மூச்சுக்கு அடியில், எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஓர் ஆண் குரல், "எந்திரி கண்ணு, எந்திரி சாமி" என்று சொல்வது ரேடியோவில் கேட்டது. பிறகு எல்லாம் நின்றது. அதையும் நிகழ்ச்சி என்றே நினைத்தேன். முடித்த விதம் அழகு என்று நினைத்தேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பை எவ்வளவு விரட்ட முடியுமோ அவ்வளவு விரட்டிக்கொண்டு நாமக்கல்லுக்குப் போயிருக்கிறார்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, உயிர் வழியிலேயே போய்விட்டது என்றார் மருத்துவர். எத்தனை மணிக்கு விழுந்தார் என்று அவர் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. அடக்கம் முடிந்து திரும்பும்போது சின்னசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார். "நீங்க படிச்சவுங்க. மொதல்ல இருந்து கேட்டுட்டு இருந்தீங்க. எப்ப இருந்துங்க சார் அது அவ இல்லாம ஓடுச்சு?" ஓசையைப் பற்றி ஆயுள் முழுக்கப் பாடம் நடத்தியவன் நான். அந்தக் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. எந்த இடம் வரை பழனியம்மாள், எந்த இடத்துக்குப் பிறகு வெறும் இயந்திரம் என்று இரவும் பகலும் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். பிடிபடவில்லை.

நிலையத்துக் கணினியில் ஒலிபரப்பு தானாகவே பதிவாகும். அதைக் கேட்டாலாவது சின்னசாமிக்குச் சொல்ல முடியும் என்று போனேன். மேலாளர் அழித்துவிட்டிருந்தார். குடும்பத்துக்குச் சங்கடம் வரக்கூடாதென்று செய்தாராம். குடும்பம் கேட்பது அதைத்தான் என்று சொன்னேன். இப்போது பேசி என்ன பயன் என்றார். இரங்கல் கூட்டத்தில் அவரேதான் தலைமை. மலையின் குரல், மகளிரின் குரல் என்று வெகுநேரம் பேசினார். அடுத்த ஞாயிறு மூன்று மணிக்குப் பக்திப் பாடல்கள் தொடங்கின. பழனியம்மாள் முன்பே சொன்னது நடந்துவிட்டது. அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு மணிதான். ஆறாத வருத்தமும் கூடவே இருக்கிறது. கோபத்தோடேயே கேளுங்கள் என்று அவரே அனுமதித்ததால் அதை விடவேண்டிய கட்டாயம் எனக்கில்லை. ஞாயிறு நான்கு மணிக்கு நிலையத்தின் எண்ணைக் கூப்பிட்டு, இரண்டு மணி அடித்ததும் வைத்துவிடுகிறேன். போன வாரம் அங்கிருந்து யாரோ திருப்பிக் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் போலிருக்கிறது, குரலில் நல்ல மரியாதை.

"ஏனுங்க, மிஸ்டு கால் குடுத்திருந்தீங்க. என்ன பாட்டு வேணுமுங்க?"

பாட்டு வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.