முழங்காலுக்குக் கீழே ஒரு விளம்பரம்

டாட்காம் கம்பெனிகள் கவிழ்ந்த சமயம், அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் எனக்கும் வேலை போயிற்று. வேலை இல்லாவிட்டால் விசாவும் இல்லை. ஆகவே எங்கள் அபார்ட்மென்ட் லாண்டரி அறையில் பகலெல்லாம் உட்கார்ந்திருந்த அமெரிக்கரை இமிக்ரேஷன் உளவாளி என்றே நம்பினேன். வேலைக்குப் போகிறவன் போல டை கட்டிக்கொண்டு, அழுக்குத் துணியை ஆபீஸ் பையில் அடைத்து எடுத்துப் போவேன்.

“உங்க பனியன் காயற வரைக்கும் காத்திருந்தா பிடிப்பான்?” என்று சென்னையிலிருந்து போனில் சிரித்தாள் மனைவி.

அந்த அமெரிக்கருக்கு மழித்த தலை, லேசான நொண்டல். மடியில் தொண்ணூறுகளின் ஸ்கேட்போர்டு (சக்கரப் பலகை) விளையாட்டுப் பத்திரிகைகள். கட்டுரைகளைப் படிக்க மாட்டார். விளம்பரங்களை மட்டும் விரலால் நீவி நீவிப் பார்ப்பார்.

ஒருநாள், “சார், கொஞ்சம் இங்க வாங்களேன்,” என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டார்.

“வேலை தேடிட்டுதான் சார் இருக்கேன்! பேப்பரெல்லாம் பத்திரமா இருக்கு!” என்று உளறினேன்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு ஷூ விளம்பரத்தை நீட்டினார். படிக்கட்டுக்கு மேலே ஸ்கேட்போர்டில் பறக்கும் இரண்டு கால்கள். முழங்காலோடு படத்தை வெட்டிவிட்டிருந்தார்கள்.

“இது நான்தான். என் பொண்ணே நம்ப மாட்டேங்கறா. நீங்க நம்பறீங்களா?”

“நம்பறேன் சார்!” அதிகாரி கேட்டால் வேறென்ன சொல்வது?

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சட்டென்று விடவும் இல்லை.

அவை அவருடைய கால்கள்தானா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்தக் குளிர்காலம் முழுவதிலும் என் கையைத் தொட்ட மனிதர் அவர் ஒருவர்தான்.