ஐந்து வருடம் சும்மா இருந்தவள்

தாவரவியலில் பிஎச்.டி. முடிக்க எனக்கு ஐந்து வருடம் பிடித்தது. அதை வைத்துக்கொண்டு ஹைதராபாத் ஹப்சிகுடாவில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்தினேன். பக்கத்து வீட்டுப் பெண் வெறும் டிகிரியோடு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து என் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு வாங்கினாள். வயிறு எரியாமல் இருக்க நான் என்ன சாமியாரா?

அமீர்பேட்டில் நானும் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தேன். வேலை பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சிக்காரர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். என் பயோடேட்டாவைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"பிஎச்.டி. நக்கோம்மா, வேணாம், எடுத்துடுங்க. இவ்வளவு படிச்சவங்கள ஃப்ரெஷர் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க."

பெண் பார்க்க வந்தவர்களும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"அப்ப அந்த அஞ்சு வருஷம் என்ன பண்ணேன்னு சொல்றது?"

"வீட்டுல சும்மா இருந்தேன்னு சொல்லுங்க. லேடீஸ் சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க."

சொன்னேன். இன்டர்வியூவில் தலையாட்டினார்கள், ஒருவரும் மேலே கேட்கவில்லை. வேலை கிடைத்தது.

முதல் சம்பளம் வந்ததும் அப்பா மைசூர்பாகு வாங்கினார். எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினார்.

"அஞ்சு வருஷம் கண் முழிச்சுப் படிச்சா இல்ல? அந்தப் படிப்புக்குத்தான் சார் இந்தச் சம்பளம்!"

டப்பாவை ஏந்திக்கொண்டு அவர் பின்னாலேயே அடுத்த வீட்டுக்குப் போனேன்.